கடைசியாக வருகிறவர் அணைக்க வேண்டும்

நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்தியாயிற்றா? சரி.

இது என் சிநேகிதனுடைய மனைவிக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒருத்திக்கு நடந்தது. உறவைக் கேட்டதுமே உங்களில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிட்டது, பார்த்தேன்... பரவாயில்லை. இனிமேல் வராது.

மாலை ஆறேகால் மணி. டிசம்பர் மாதம் என்பதால் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. மூடிக் கிடக்கும் மர அறுவை மில்லைத் தாண்டி ஒரு சாலை. ஒரு பக்கம் மில்லின் நீளச் சுவர். இன்னொரு பக்கம் புதர் மண்டிய வெற்று மனைகள். தெருவிளக்கு இரண்டு. ஒன்று எரியாது. இன்னொன்று, அதற்கு மனம் இருந்தால் எரியும். பெரியம்மா பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக நடந்து வருகிறாள். செருப்புச் சத்தம்... அவளுடையது மட்டும்தான்.

சாலை வளைகிற இடத்துக்கு வந்தால் வீடு தெரியும். தெரிந்தது. முன் ஜன்னலில் ஒரு காகித நட்சத்திரம், முறம் அகலத்துக்கு, மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே அதைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். பகல் முழுக்கக் கரண்ட் வீண்தான். ஆனால் இருட்டு வீட்டுக்குள் சாவியைத் துழாவிக்கொண்டு நுழைகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். வளைவில் நின்று ஆசையாக அதைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே... அணைந்தது.

பெரியம்மா தனிக்கட்டை. அந்த வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். அது அவள் கைப்பையில் இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் கேள்வி கேட்டு என் உயிரை வாங்குவீர்கள்.

அது அவளுடைய அப்பா கட்டிய வீடு. அப்பா, அம்மா, இவள், இவளுக்கு எட்டு வயது இளைய தம்பி. டிசம்பர் பிறந்தால் அப்பா குச்சிகளைக் கட்டித் தாள் ஒட்டி ஒரு நட்சத்திரம் செய்து ஜன்னலில் தொங்கவிடுவார். அந்த வீட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. இருட்டியதும் நட்சத்திரத்தைப் போட வேண்டும். வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்து சேரும்வரை அது எரிய வேண்டும். யார் கடைசியாக வருகிறாரோ அவர்தான் அணைக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. தம்பி பொடிப்பயலாக இருந்தபோது, அணைக்கிற ஆசையில் வேண்டுமென்றே தெருவில் சுற்றிவிட்டு எல்லோருக்கும் பிறகு வருவான். ஸ்விட்ச் ஜன்னலை ஒட்டிய சுவரில் இருந்தது. பழைய காலத்துக் கறுப்பு வட்ட ஸ்விட்ச், பித்தளைக் குமிழ். மேலே தூக்கினால் எரியும், கீழே அமுக்கினால் அணையும். லேசில் அமுங்காது. ஏறினாலும் இறங்கினாலும் 'டக்' என்று வீடு முழுக்கக் கேட்கும். படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டால், எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அதன் பிறகுதான் அம்மாவுக்குத் தூக்கம் வரும்.

அப்பா போனார். தம்பி கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சாவுக்குத் தம்பி வரவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. பெரியம்மா ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தாள். காலையில் போவாள், ஆறேகாலுக்கு வருவாள், சமைப்பாள், ரேடியோவோடு சண்டை போடுவாள், படுப்பாள். டிசம்பர் வந்தால் நட்சத்திரமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒருத்திக்கு எதற்கு அலங்காரம்?

அந்த வருஷம் டிசம்பர் தொடக்கத்தில் போன் அடித்தது.

"அக்கா... நான்தான்."

பெரியம்மா எட்டி ரேடியோவை நிறுத்தினாள்.

"கப்பல் வேலைய விட்டுட்டேன்க்கா. கிறிஸ்துமஸுக்கு... வரட்டுமா?"

"வாயேன்," என்றாள். அவ்வளவுதான் வந்தது வாயில். உன் வீட்டுக்கு வர நீ என்னைக் கேட்கணுமாடா என்று சொல்லியிருக்கலாம். போனை வைத்த பிறகு எல்லா வசனமும் வரிசையாக வந்தது. எல்லோருக்கும் அப்படித்தானே.

வைப்பதற்கு முன்னால் அவன் ஒன்று கேட்டான். "ஸ்டார் போடுவியா?"

"போடுறேன்."

"முந்தின நாள் சாயங்காலம் ஆறேகால் பஸ்ல வருவேன். ஸ்டார் எரிஞ்சுதுன்னா உள்ள வரேன். எரியலைன்னா..." கொஞ்சம் சிரித்தான். "அப்படியே போயிடுறேன்."

விளையாட்டாகத்தான் சொல்கிறான் என்று நினைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு சிரிப்பாக இல்லை.

அன்றைக்கே ஏணி போட்டுப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். பஞ்சுக்குள் பொதிந்து வைத்த கண்ணாடி உருண்டைகள், வெள்ளிப் பூச்சு அங்கங்கே உதிர்ந்து. நூல்கண்டுக் கட்டையில் கம்பளி சுற்றி அம்மா செய்த தேவதைகள், ஒன்றுக்கு மூக்கு இல்லை. பற்பசைக் குழாயை வெட்டித் தம்பி செய்த மணி. பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டிய சங்கிலி, தொட்டால் பொடியாகிற பதத்தில். அடியில் அம்மா பின்னிக்கொண்டிருந்த சிவப்புச் சால்வை... பாதியில், ஊசிகளோடு.

வெறி பிடித்த மாதிரி வேலை செய்தாள். அச்சகத்தில் கழித்த தாளையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து வந்தாள். மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, புதிய சங்கிலி ஒட்டினாள். அப்பாவின் நட்சத்திரக் கூட்டுக்குப் புதுத் தாள் போர்த்தினாள். பைண்டிங்காரி ஒட்டினால் சுருக்கம் விழுமா? சால்வையையும் முடித்துவிட நினைத்தாள். சிவப்புக் கம்பளி பாதியிலேயே தீர்ந்தது. அதே சாயம் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் தம்பி சின்ன வயதில் போட்ட பச்சை ஸ்வெட்டரைப் பிரித்து அந்த நூலால் ஓரத்தை முடித்தாள். சிவப்புச் சால்வை, ஒரு சாண் பச்சை ஓரம். பார்க்க விசித்திரமாகத்தான் இருந்தது. அம்மாவின் நாற்காலியில் அதை விரித்துப் போட்டாள்.

வீடு பழையபடி வீடாகிவிட்டது. ஆள்தான் குறைச்சல்.

சரி... வளைவுக்கு வருவோம். நட்சத்திரம் அணைந்ததா? பெரியம்மா பயந்தவள் இல்லை. ப்யூஸ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். கூடத்து விளக்கைப் போட்டாள், எரிந்தது. ப்யூஸ் இல்லை. ஸ்விட்ச் பக்கம் போனாள். குமிழ் கீழே அமுங்கியிருந்தது.

அந்த மூலையில் மட்டும் ஒரு வாடை. டிஞ்சர். காயத்துக்குப் போடுவோமே, மூக்கில் ஏறுகிற நெடி, அது. அவள் வீட்டில் டிஞ்சர் பாட்டில் இருந்து எத்தனையோ காலம் ஆகிறது.

குமிழைத் தூக்கினாள். எரிந்தது. அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது... டக்.

அசையாமல் நின்றாள். சாலையில் ஒரு வண்டி கூட இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். இருட்டிய பிறகு எத்தனை தடவை போட்டாலும் அணைந்தது. வயர்மேனைக் கூப்பிட்டாள். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி வைத்திருக்கும் ஆசாமி. கழற்றிப் பார்த்தான், மாட்டிப் பார்த்தான்.

"வயர் கச்சிதமா இருக்கும்மா. ஒரு பழுதும் இல்ல."

"அப்புறம் ஏன்ப்பா அணையுது?"

"அணையலம்மா. அணைக்கிறாங்க. இந்தக் குமிழு தானா இறங்குற ரகம் இல்ல, எனக்கே ரெண்டு விரல் வேணும். வீட்ல பசங்க இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"பூனை?"

"இல்ல."

"எலி கிலி?"

"ஒரு எலி இருந்துச்சு. கப்பல் ஏறிப் போயிடுச்சு," என்றாள். சின்ன வயதில் தம்பிக்குச் சுண்டெலி என்று பெயர். அவளுக்கே சிரிப்பு வந்தது. வயர்மேன் சிரிக்கவில்லை. கையைத் தேய்த்து விட்டுக்கொண்டான். "இந்த மூலை மட்டும் ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றவன் கூலியை வாங்கிக்கொண்டு, போட்ட டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

அன்று கட்டிலில் படுத்தபடி யோசித்தபோதுதான் அவளுக்கு அந்த டிஞ்சர் வாடை எங்கே பட்டது என்று நினைவு வந்தது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று. அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான். அம்மா கடைசி மூச்சு வரை, "ஸ்டாரை அணைக்காதீங்க. அவன் வந்து அணைக்கட்டும்," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை. மதியத்துக்குள் வந்த சனம் எல்லாம் கலைந்தது. சாயங்காலம் அந்த வீட்டில் அவள் ஒருத்தி. ஆத்திரம்... அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தொங்கிய அலங்காரத்தை எல்லாம் பிய்த்துப் போட்டாள். ஒரு கண்ணாடி உருண்டை உடைந்து வலது கட்டைவிரலை ஆழமாகக் கிழித்தது. டிஞ்சர் ஊற்றித் துணி சுற்றினாள். அப்புறம் ஜன்னலுக்குப் போனாள். "இனிமே எவனும் வர வேணாம்," என்று சொல்லிக் குமிழில் கை வைத்தாள்.

அன்றைக்குக் குமிழ் இறங்கவே இல்லை. அடியில் யாரோ விரலைக் கொடுத்துத் தாங்குவது போல. இரண்டு கட்டைவிரலையும் வைத்து முழுப் பலத்தோடு அமுக்கினாள். டக். வெளியே ஆள் இருக்கும்போதே வீட்டு ஆள் ஒருத்தி அதை அணைத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

சரியாக அந்த நாள், அந்த நேரம்தான் தம்பி வரப் போகிறான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டாள். ஐந்தரைக்கு நட்சத்திரத்தைப் போட்டாள். அணைந்தது. போட்டாள். அணைந்தது. ஆறு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தாள். ஜன்னலோரம் நின்றுகொண்டு, குமிழுக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இனி எப்படி அணையும் என்று பார்ப்போம். எலும்பு வரை குளிர்ந்தது. எட்டிய தூரத்தில் அம்மாவின் நாற்காலி. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

தூரத்தில் பஸ் நிற்கும் சத்தம்... கிளம்பும் சத்தம். வளைவில் அந்த மனமுள்ள தெருவிளக்கு அன்றைக்கென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஒருவன் வந்து நின்றான். கையில் பெட்டி. நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்துவிட்டான்! இன்னும் இருநூறு அடி தூரம்தான்.

அப்போது டிஞ்சர் நெடி குப்பென்று ஏறியது.

அவள் விரலுக்கு மேலே, குமிழின் மேல், ஒரு கை வந்து உட்கார்ந்தது.

ஜில்லிட்ட கை. கட்டைவிரலில் துணிச் சுற்று. துணியில் பழுப்புக் கறை, நடுவில் ரத்தம், ஈரமாக. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். நகம் வெட்டியிருந்த விதம் தெரியும். மணிக்கட்டில் இருந்த மச்சம் தெரியும். தன் கை தனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அவளுடைய கைதான் அது.

பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. காதோரம் மூச்சு மட்டும் கேட்டது. அழாமல் அடக்கிக்கொள்கிற மூச்சு. பிறகு குரல்... அவள் குரலேதான், இளசாக.

"இனிமே எவனும் வர வேணாம்."

"வேணாம்... வேணாம்டி," என்று கெஞ்சினாள் பெரியம்மா. "வந்துட்டான்டி. வளைவுல நிக்கிறான், பாரு..."

கை கேட்கவில்லை. அமுக்கியது. பெரியம்மா அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்தாள். வயசானவள் எத்தனை நேரம் மல்லுக்கு நிற்க முடியும்? இன்னொரு கட்டைவிரலும் வந்து குமிழில் ஏறியது.

டக்.

இருட்டு. மறுபடியும் தூக்கப் பார்த்தாள், குமிழ் அசையவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். விளக்கின் கீழே நின்றவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டான். முதுகைக் காட்டினான்.

பெரியம்மா செருப்புக் கூடப் போடவில்லை. கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினாள். கல்லும் முள்ளும் காலில் ஏற, மூச்சு இரைக்க, அந்தச் சாலையில்... ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"டேய் சுண்டெலி! நில்றா! டேய்! போயிடாதடா!"

அவன் நின்றான். திரும்பினான். தலை பாதி வழுக்கையாகி, தாடை தொங்கி, அப்பாவை உரித்து வைத்த மாதிரி இருந்தான். ஓடி வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் அழுதாள், பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து.

"நான் அணைக்கலடா... சத்தியமா இன்னைக்கு நான் அணைக்கல..."

அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அன்னைக்கும் நான் வந்தேன்."

"எப்போ?"

"அம்மா அடக்கத்தன்னிக்கு. கப்பல் கரை சேர லேட்டாயிடுச்சு. சாயங்காலம் இதே எடத்துல நின்னேன். ஸ்டார் எரிஞ்சிட்டிருந்துச்சு. நான் பார்க்கப் பார்க்க நீ வந்து அணைச்சே. எல்லாரும் வந்தாச்சு, நான் இந்த வீட்டு ஆள் இல்லன்னு முடிவு பண்ணிட்டே போலன்னு..." செருப்பில்லாத அவள் காலைப் பார்த்தான். "இருந்தாலும் கதவத் தட்டியிருப்பேன்க்கா. நீ தனியா இருந்திருந்தா தட்டியிருப்பேன். உன்கூடத் தொணைக்கு ஆள் இருந்துச்சேன்னுதான் திரும்பிப் போனேன்."

"என்கூட யாரும் இல்லையேடா."

"இருந்தாங்க. ஸ்டார் வெளிச்சத்துல நல்லாத் தெரிஞ்சுது. தலையெல்லாம் நரைச்ச ஒரு அம்மா. அணைக்க விடாம உன் கையப் புடிச்சு இழுத்துட்டிருந்தாங்க. சிவப்புச் சால்வை போத்தியிருந்தாங்க, ஓரத்துல மட்டும்..."

அவன் பார்வை அவள் தோளில் வந்து நின்றது. கையை நீட்டிச் சால்வையின் ஓரத்தைத் தொட்டான். சின்ன வயதில் தான் போட்டிருந்த ஸ்வெட்டரின் பச்சை. விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தான். நரைத்த தலையைப் பார்த்தான்.

புதரில் ஏதோ சலசலத்து அடங்கியது.

அப்புறம் அவன் அவளுக்குப் பின்னால், இருண்டு கிடந்த வீட்டைப் பார்த்தான். அவன் குரல் மிகவும் இறங்கிவிட்டது.

"அக்கா... நீ இங்க இருக்கே. அப்ப ஜன்னல்ல நின்னுக்கிட்டு நம்மளயே பார்த்துட்டிருக்கிறது யாரு?"

பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"பாவம்டா, அவ ரொம்ப நாளா தனியா இருக்கா," என்றாள். "வா, வீட்டுக்குப் போகலாம்."

நடந்தார்கள். வெறுங்கால் சத்தம் ஒன்று, பூட்ஸ் சத்தம் ஒன்று. திறந்து கிடந்த வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து, இருட்டுக்குள்ளிருந்து அது கேட்டது.

டக்.

ஜன்னலில் நட்சத்திரம் எரிந்தது.